பிறந்த ஊர் என்ற கட்டம்

திருப்பூர் நகராட்சியில் மன்றக் குறிப்பு எழுதுவது என் வேலை.
யார் என்ன கத்தினாலும்
‘விவாதத்திற்குப் பின் தீர்மானிக்கப்பட்டது’ என்று
ஒரே வரிக்குள் மடித்துவிடுவேன்,
பனியனை அட்டைப்பெட்டிக்குள் மடிப்பது போல.

தெய்வானை அந்த மடிப்பு மேசையிலிருந்துதான் வந்தார்.
பதினோரு வருஷம் செக்கிங்.
அதற்கு முன் மண்டபம் முகாம்.
அதற்கு முன் கப்பல்.
அதற்கும் முன்னால் ஒரு லயம்,
விடியுமுன் பெரட்டுக்கு ஓடும் அப்பாவின் இருமல்.

முப்பத்தொன்றாம் வார்டு பெண்களுக்கு என்றான வருஷம்
கட்சிக்காரர்கள் வீட்டம்மணிகளின் பெயரைத்
தட்டச்சுக்குக் கொடுத்துவிட்டு டீ குடித்தார்கள்.
இவர் ஒயர்கூடையோடு வந்து
தன் மனுவைத் தானே எழுதினார், அடித்துத் திருத்தி.

பரிசீலனையில் ஆட்சேபணை.
“அந்தம்மா சிலோனுங்க. நம்ம நாட்டாளே இல்லீங்க.”
சொன்னவர் சாயப்பட்டறைக்காரர்,
வேட்டிக் கரையில் ஒரு சொட்டு நீலம்.

கூடைக்குள்ளிருந்து வந்தது
தாயகம் திரும்பியோர் குடும்ப அட்டை.
அப்பா, அம்மா, அஞ்சு பிள்ளைகள்.
“ஓரத்தில கண்ணை மூடிட்டிருக்கறது நான்.”
அலுவலர் படத்தைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார்.
“சித்த கண்ணை மூடுங்கம்மா” என்றார்.
மூடினார்.
மனு ஏற்கப்பட்டது.

பத்தொன்பது ஓட்டில் ஜெயித்தார்.

கொண்டுவந்த முதல் தீர்மானம் சின்னது:
ராத்திரி ரெண்டு மணிக்குத் திறக்கும் குடிதண்ணீர்
ஷிப்ட் முடிந்து பெண்கள் வந்தபின்
எட்டரைக்குத் திறக்க வேண்டும்.
ஒத்திவைக்கப்பட்டது என்று நான்கு மாதம் எழுதினேன்.
ஐந்தாம் மாதம் எழுந்து என் பக்கம் கை காட்டினார்:
“பாவமுங்க, எழுதறவருக்கே கை வலிக்கும்.”
மன்றம் சிரித்தது. சிரிப்பிலேயே நிறைவேறியது.
அந்தச் சிரிப்பை நான் எழுதவில்லை.

அடுத்த முறை தலைவர் நாற்காலி,
ஒரே ஒரு ஓட்டு வித்தியாசம்.
அந்த ஓட்டு இருபத்திரண்டாம் வார்டு நாச்சிமுத்துவினுடையது;
பஸ் நிலையக் கழிப்பறைக் குத்தகையும் அவருக்கே போனது.
கோப்பைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்திட்டார் தெய்வானை.
அது குறிப்பேட்டில் இருக்கிறது,
என் கையெழுத்தில், மிகத் தெளிவாக.

பிறகு கோட்டை.
மெட்ராஸ் ரயிலேறும்போதும் அதே ஒயர்கூடை.
நொய்யலைப் பற்றிப் பேசினார்,
பஞ்சப்படி பற்றி, இரவுப் பேருந்து பற்றி.
மைக்கை நிறுத்தினாலும் நிறுத்தாமல்.

உறுப்பினர்களின் வாழ்க்கைக் குறிப்பு புத்தகமாய் வந்தது.
பிறந்த ஊர் என்ற கட்டத்தில்
பண்டாரவளையை எந்தப் பிழைதிருத்துபவரோ
அக்கறையோடு திருத்தியிருந்தார்:
பண்டாரவாடை, தஞ்சாவூர் ஜில்லா.
நான்தான் போன் செய்தேன்.
கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
அப்புறம் சிரித்தார்.
“இருந்துட்டுப் போகட்டும் விடுங்க.
அந்த ஊருக்காரங்க தேடி வந்து கேட்டா
சொல்லிக்கலாம்.”
யாரும் கேட்கவில்லை.

மறுமுறை சீட் இல்லை.
யாருக்குப் போனது என்று ஊருக்கே தெரியும்,
சாயம் வெளுத்த வேட்டி ஒன்று.

இப்போது வாக்காளர் பெயர் சேர்க்கும் முகாமில்
எனக்கு ஒரு மேசை, ஓய்வுபெற ஏழு மாதம்.
நேற்று வந்தார், கூடை புதுசு, நீலமும் மஞ்சளும்.
கூடவே ஒரு பெண், பனியன் பஞ்சு முடியில் ஒட்டியிருக்க.
ஒரிசாக்காரி. பெயர் சஞ்சுக்தா.
முப்பத்தொன்றாம் வார்டு, லைன் வீடு.

“பொறந்த ஊரு?” என்றேன்.
சொன்னாள்.
எழுதப் போனேன்.
“காதுல விழுந்ததை எழுதாதீங்க,
கேட்டு எழுதுங்க” என்றார் தெய்வானை.
கேட்டேன். மறுபடி கேட்டேன்.
மூன்றாம் முறை பேனாவை அவளிடமே நீட்டினேன்.
வட்டம் வட்டமாக எழுதினாள்,
கட்டத்தைக் கொஞ்சம் தாண்டி.
எனக்கு வாசிக்கத் தெரியவில்லை.

முத்திரையை ஊதி
அதன் பக்கத்தில் வைத்தேன்,
மேலே படாமல்.